மாடியில் காப்பி கேட்டவர்

மூன்று வருடத்துக்கு முன்னால், மைசூரில், ஆடி மாதச் சாரல் விழுந்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. அப்போது எனக்கு அறுபது தாண்டியிருந்தது. சொந்த ஊர் மாதேஸ்வரன் மலைப் பக்கம் கௌதள்ளி. பிழைக்க வந்த இடம் மைசூர். யாதவகிரியில் ஒரு பழைய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

பெரிய வீடு. பின்பக்கம் தோட்டத்தைத் தாண்டி ஓர் அறையும் சின்னச் சமையலறையும் உண்டு. அது எனக்கு. வீட்டுக்காரப் பெரியவர் மாடி அறையில் இருந்தார், அங்கேயே இறந்தார். அவர் மகன் வெளிநாட்டில். விற்க மனசில்லை, வந்து இருக்கவும் முடியவில்லை. "நீங்க இருங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாவி ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். மூன்றாவது கிடையாது.

காலையில் கீழ் வீட்டு ஜன்னல்களைத் திறப்பேன். பொழுது சாய்ந்ததும் மூடுவேன். வாரத்தில் ஒரு நாள் ஒரு கன்னடக்கார அம்மா வந்து கீழே மட்டும் கூட்டித் துடைத்துவிட்டுப் போவார். மாடிக்கு வீட்டுக்குள் ஒரு படி, பின்பக்கம் தோட்டத்திலிருந்து ஒரு படி. யாரும் போவதில்லை. அங்கே பெரியவரின் கட்டில், ஜன்னல் ஓரம் ஒரு பிரம்பு நாற்காலி. மத்தியானத் தூக்கம் முடிந்ததும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். "காப்பி ஆய்த்தேனப்பா?" என்பார். காப்பி ஆகிவிட்டதா என்று கேட்பது. பால் கெட்டியாக, டம்ளர் நிறைய வேண்டும் அவருக்கு. பத்து வருடத்துக்கு மேல் தினமும் கேட்ட குரல் அது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போது யாருக்கும் தெரியாத விஷயம்.

எனக்கு ஒரே மகள். தாய் இல்லாத பிள்ளை. கட்டிக்கொடுத்து வருடங்கள் போயும் குழந்தை தங்கவில்லை. நான் மாதேஸ்வரன் மலைக்குப் போய் வேண்டிக்கொண்டேன். அவள் குழந்தையை என் மடியில் வாங்கும் வரைக்கும் கறி, மீன், முட்டை தொட மாட்டேன். பால், தயிர், மோர், நெய்யும் தொட மாட்டேன். எங்கள் பக்கத்தில் இப்படி வாய்க்குப் பிடித்ததை விட்டுக்கொடுத்து வேண்டுகிறவர்கள் உண்டு. ஆனால் வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் சாமிக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி.

அப்படியே அஞ்சு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ராகிக் களி, அவரைக்கொட்டைச் சாறு, சோறு, ரசம், ஊறுகாய், கடுங்காப்பி, எப்போதும் போல பீடி. வயிறு கெடவில்லை. உடம்பு லேசாக இருந்தது. நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் மகள் முழுகாமல் இருந்தாள். அஞ்சு மாதம் தாண்டிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அந்த சமயத்தில்தான் வீட்டில் அது தொடங்கியது.

முதலில் சத்தம். வீடு கூட்டும் அம்மா ஒரு மத்தியானம் வாளியைப் போட்டுவிட்டு என் அறைக்கு வந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணா, மேலே யார் இருக்காங்க?"

"யாரும் இல்லையே."

"நடக்கற சத்தம் கேட்டுது. மெதுவா, காலை இழுத்து இழுத்து. அவர் கடைசியில அப்படித்தானே நடப்பார்?"

"எலியா இருக்கும்."

"எலி நாற்காலிய இழுக்குமா?" என்றார். "நான் வாசல்ல நிக்கறேன். நீங்க போய்ப் பாருங்க. நான் செத்தா என் வீட்டுக்காரன் மறுநாளே இன்னொருத்தியைக் கட்டிக்குவான்."

போய்ப் பார்த்தேன். அறை மூடியிருந்தது. திறந்தேன். உள்ளே யாரும் இல்லை. ஆனால் பிரம்பு நாற்காலி இடம் மாறியிருந்தது. நான் அதைச் சுவர் ஓரம் தள்ளி வைத்து ஒரு துணியால் மூடியிருந்தேன். இப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. துணி மடித்துக் கட்டிலில் வைக்கப்பட்டிருந்தது. பெரியவர் எதையும் மடித்துத்தான் வைப்பார்.

நான் அந்த அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியைத் திரும்பத் தள்ளி வைத்துவிட்டு இறங்கினேன்.

சில நாள் கழித்து மறுபடி மேலே போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. கதவைத் திறந்ததும் தரையில் காலடி. ரொம்ப நாள் துடைக்காத தரை, மாவு மாதிரித் தூசி. முன்பு நான் நடந்த தடத்துக்கு மேல் புதிதாக, தெளிவாகப் பதிந்திருந்தது. வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் போய்த் திரும்பி வந்திருந்தது. குனிந்து பார்த்தேன். வலது கால் வெறுங்கால், அஞ்சு விரலும் தெரிந்தது. இடது கால் செருப்புக் கால். ரப்பர் செருப்பின் கட்டம் கட்டமான அச்சு.

அந்த வீட்டுக்குள் செருப்புப் போடுகிற வழக்கமே கிடையாது. பெரியவர் விட மாட்டார். நானும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் நுழைவேன், இன்றைக்கும். ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையாகவும் நடப்பது எப்படிப்பட்ட ஆள் என்று எனக்கு விளங்கவில்லை. உயிரோடு இருப்பவன் அப்படி நடக்க மாட்டான் என்றுதான் தோன்றியது.

நாற்காலி பக்கத்தில் ஒரு டம்ளர் இருந்தது. என் சமையலறை டம்ளர். அடியில் காய்ந்துபோன பாலாடை ஒட்டியிருந்தது. நான் வீட்டில் பாலே வாங்குவதில்லை.

ஈரத் துணியால் காலடியைத் துடைத்தேன். டம்ளரைக் கழுவினேன்.  முதுகில் யாரோ கை வைத்திருக்கிற மாதிரியே இருந்தது.

அதற்குப் பிறகு மத்தியானங்களில் குரலும் வந்தது. மழை வரப்போகிற மாதிரி வெளிச்சம் மங்கி, தெருவில் வண்டிச் சத்தம் அடங்குகிற நேரம். என் பெயர் கேட்கும். பிறகு, "காப்பி ஆய்த்தேனப்பா?" கோபமும் இருக்காது, அவசரமும் இருக்காது. எப்போதும் கேட்பது போலவே கேட்கும். நான் காதைப் பொத்திக்கொள்வேன். பொத்தினாலும் கேட்டது.

உடம்பிலும் சில மாற்றம் இருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருக்கும், பிறகு மரத்துப்போகும். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் பக்கவாட்டில் சாய்ந்துவிடுவேன். நாக்கு எரியும். சாமான் வாங்கப் போய்விட்டு எதற்கு வந்தேன் என்று கடை வாசலில் நிற்பேன். வயசு என்று விட்டுவிட்டேன். தெருமுனைப் பால் கடைக்காரர் ஒரு நாள், "ஏன் அண்ணா, இன்னைக்குப் பால் வேண்டாமா?" என்று கூப்பிட்டார். வேறு யாரையோ என்று நினைத்து நடந்துவிட்டேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து மகள் என்னிடம் வந்தாள். மாமியாருக்கு இடுப்பு முடியவில்லை. மாப்பிள்ளைக்கு நஞ்சன்கூட்டில் ஷிப்ட் வேலை. தாய் வீடு என்றால் என் ஒற்றை அறைதான். கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுச் சமையலறையில் பாய் போட்டுக்கொண்டேன். மாடி விஷயத்தைச் சொல்லவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் சொல்லுகிற விஷயமா அது.

வந்த அன்றைக்கே முட்டைக் குழம்பு வைத்தாள். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

"ஏனுங்கப்பா, முட்டை வேண்டாமுங்களா?"

"வயிறு சரியில்ல கண்ணு."

"நேத்தும் இதேதான் போன்ல சொன்னீங்க. தயிரும் வேண்டாம், பாலும் வேண்டாம். எப்ப இருந்து சாமியாரானீங்க? காவி வாங்கித் தரட்டுமா?"

"வாங்கித் தா. இந்த வேட்டி கிழிஞ்சு போச்சு."

சிரித்தாள். அப்புறம் கேட்கவில்லை. சின்ன வயசில் கறிக்குழம்பு என்றால் எலும்பைக்கூட விடாத அப்பனைத்தான் அவளுக்குத் தெரியும்.

அவள் வந்ததிலிருந்து வீட்டில் பால் வந்தது. அவளுக்காக நான்தான் காய்ச்சுவேன். கொதிக்கும்போது அந்த வாசனை வரும். மூக்கைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு மத்தியானம். அவள் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தாள். சாரல் அடித்ததால் ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்தேன். அவள் எழுந்ததும் குடிக்கட்டும் என்று பாலை அடுப்பில் வைத்தேன். லைட்டர் தட்டியது ஞாபகம் இருக்கிறது. நீல நெருப்பு ஞாபகம் இருக்கிறது. பிறகு என் பெயர் கேட்டது.

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. இனிச் சொல்வது மகள் சொன்னது.

பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்துவிட்டது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. கதவும் சாத்தியிருந்தது. அவளுக்கு அந்த மாதங்களில் எந்த வாசனையும் ஆகாது. அதனாலேயே குமட்டிக்கொண்டு எழுந்திருக்கிறாள். தலை சுற்றியதாம். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு சிலிண்டரை மூடி, கதவைத் திறந்து, தோட்டத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுவிட்சில் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் இதை எழுத எனக்குக் கதையும் இல்லை, ஆளும் இல்லை.

என்னைக் காணோம் என்று தேடியிருக்கிறாள். பெரிய வீட்டின் கதவு திறந்து கிடந்தது. மாடியில் பேச்சுச் சத்தம் கேட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்த வயிற்றோடு ஏறினாள்.

நான் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேனாம். ஜன்னலைப் பார்த்தபடி, கையில் ஒரு டம்ளர். என் குரலில், "காப்பி ஆய்த்தேனப்பா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து நானே, "பந்தே சாமி, பந்தே" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேனாம். வந்துவிட்டேன் சாமி என்று.

"அப்பா" என்று கூப்பிட்டாள். நான் திரும்பி அவளை நன்றாகப் பார்த்தேன். வயிற்றைப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"யாரும்மா நீ? யாரைப் பார்க்கணும்?"

இதை அவள் என்னிடம் சொன்னது பெரிய வீட்டு வராந்தாவில். எனக்கு நினைவு வந்தபோது அங்கே உட்கார்ந்திருந்தேன். அவள் எதிரில் கீழே உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"இப்பச் சொல்லுங்க, நான் யாரு?"

"என்ன சாமி இது கேள்வி? என் மக."

"சரி" என்றாள். பிறகு என் காலைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்திருப்பது எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். நல்ல மனுஷன். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு இவளை நான் கூட்டிக்கிட்டுப் போறனுங்க."

"கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ள."

"நாளைக்குக் குழந்தை பொறந்தாலும்..." என்று நிறுத்தினார். "நாங்க பக்கத்துல இருந்தா பரவாயில்லீங்க. தனியா உங்க கையில குடுத்துட்டுப் போக முடியாதுங்க மாமா. மன்னிச்சுக்குங்க."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. நான் தலையை ஆட்டினேன். அஞ்சு வருடமாக எந்தக் குழந்தையை மடியில் வாங்கக் காத்திருந்தேனோ, அதை என் கையில் கொடுக்க மாட்டார்கள். மாடியில் இருப்பவர் அதையும் எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

வீடு கூட்டும் அம்மா தனக்குத் தெரிந்த ஒருவர் பேய் ஓட்டுவார் என்றார். எலுமிச்சம்பழமும் கொண்டு வந்திருந்தார். மகள் பழத்தை வாங்கிக்கொண்டாள். "இதை ஜூஸ் போட்டுக்கறேன் அக்கா. அப்பாவை நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை மாப்பிள்ளை ஆட்டோ பிடித்துக் கொடுக்க, மகளும் நானும் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம். டாக்டர் சின்ன வயசுப் பெண். கொள்ளேகால் பக்கம். எங்கள் தமிழ் அவருக்குத் தெரிந்தது. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். தப்பாகச் சொன்னேன். சில வார்த்தைகளைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். கேட்டபோது ஒன்றும் வரவில்லை.

"சாப்பாடு எப்படி? பால், தயிர், முட்டை, கறி எல்லாம் சாப்பிடுவீங்களா?"

மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் கை வைத்திருந்தாள்.

"எல்லாம் சாப்பிடுவேன்" என்றேன்.

"கறின்னா அப்பாவுக்கு உயிருங்க டாக்டர்" என்றாள் அவளும்.

டாக்டர் ஏதோ எழுதினார். பிறகு மகளிடம் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். எனக்குக் கன்னடம் நன்றாகப் புரியும் என்று அவருக்குத் தெரியாது. வயசில் வருகிற மறதி நோய் மாதிரி இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும், அதுவாக இருந்தால் போகப் போகக் கூடத்தான் செய்யும், தனியாக விடக் கூடாது என்றார். 

கட்டிலில் படுக்கச் சொன்னார்கள். எழுந்தேன். நர்ஸ் தடுத்தார்.

"தாத்தா, செருப்பை வெளியே விடணும்னு போட்டிருக்கு இல்ல?"

"விட்டுட்டுத்தானே வந்தேன்."

"அப்ப இது என்ன?"

குனிந்து பார்த்தேன். வலது கால் வெறுங்கால். இடது காலில் செருப்பு இருந்தது.

வாசலில் ரெண்டையும் கழற்றியதாகத்தான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஒரு செருப்புத்தான் வெளியே கிடந்தது. மற்றது காலிலேயே இருந்திருக்கிறது. கால் எனக்குச் சொல்லவில்லை.

அந்த ஆஸ்பத்திரித் தரை அப்போதுதான் துடைத்த ஈரத் தரை. வாசலிலிருந்து என் நாற்காலி வரைக்கும் காலடி பதிந்திருந்தது. ஒன்று அஞ்சு விரலோடு. ஒன்று கட்டம் கட்டமாக.

பேயைப் பார்த்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். மாடியில் யாரும் இல்லை. எப்போதுமே யாரும் இல்லை. நான்தான் ஏறியிருக்கிறேன், நான்தான் இறங்கியிருக்கிறேன். வீடு கூட்டும் அம்மா மாடிச் சத்தம் கேட்டு ஓடிவந்தபோதும், நான் அப்போதுதான் பின்பக்கப் படியில் இறங்கி வந்து கட்டிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குள் இன்னொருவன் நடமாடிக்கொண்டிருந்தான். அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. நேற்று என் மகளையும் அவள் வயிற்றில் இருப்பதையும் கொல்லப் பார்த்தவன் அவன்.

திரும்ப உட்கார்ந்தேன்.

"நீ கொஞ்சம் வெளிய இரு சாமி" என்றேன் மகளிடம்.

"எதுக்குங்கப்பா?"

"இரு."

அவள் போனதும் கதவைச் சாத்தச் சொன்னேன். வேண்டுதலை வெளியே சொன்னால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் இருந்தது. சொல்லாமல் இருந்து ஆனதை நேற்றுப் பார்த்தாகிவிட்டது. சொன்னேன். மலை, மடி, பால், கறி, வருடம் எல்லாம். நான் அவ்வளவு சேர்த்துப் பேசியது அதற்கு முன்னால் கிடையாது.

டாக்டர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. நாக்கை நீட்டச் சொன்னார். வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "நாக்கு வழுவழுன்னு சிவந்து கிடக்கு. எரியுதுன்னு ஏன் சொல்லலை?" என்றார். காலைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னார். மூடியதும் சாய்ந்தேன். நர்ஸ் பிடித்துக்கொண்டார்.

"பி-டுவெல்னு ஒரு சத்து. மூளைக்கும் நரம்புக்கும் அது வேணும். நீங்க விட்ட கறி, மீன், முட்டை, பால்ல எல்லாம் இருக்கு, நீங்க சாப்பிடற எதுலயும் அனேகமா இல்லை. ரொம்ப வருஷம் இல்லாம போனா கால் மரத்துப் போகும், மறதி வரும். சில பேருக்கு இல்லாதது கேக்கும், தெரியும். எல்லார் மறதிக்கும் இது காரணம் இல்லை தாத்தா. உங்களுக்கு இதுதானான்னு ரத்தம் பார்த்தாத்தான் தெரியும். இருந்தா சரி பண்ணலாம்."

"நான் பால் குடிக்க முடியாதும்மா. குழந்தை பொறக்கற வரைக்கும் முடியாது."

"குடிக்கச் சொல்லலையே. உங்க வயசுக்குக் குடிச்சாலும் பத்தாது. ஊசி போடறேன். ஊசி வாய் வழியா போறதில்லை."

யோசித்தேன்.

"சாமி ஒத்துக்குமா?"

"எங்க வீட்டுச் சாமியும் அந்த மலை மாதப்பன்தான். நான் சொல்லிக்கறேன்" என்றார். "ஆனா மறுபடி யாராவது என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டா உண்மையைச் சொல்லுங்க. டாக்டர் கிட்ட சொல்றது ஊர்கிட்ட சொல்றதில்லை."

ரத்தத்தில் அந்தச் சத்து அனேகமாக இல்லவே இல்லை என்று வந்தது. ஸ்கேனும் எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. முதலில் தினமும் ஊசி. பிறகு வாரத்துக்கு ஒன்று. பிறகு மாதத்துக்கு ஒன்று. அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது என்று மாப்பிள்ளை உத்தரவு. வீடு கூட்டும் அம்மாவே சோறு கொண்டு வந்து வைத்தார். மகள் நஞ்சன்கூட்டிலிருந்து தினமும் போன் பண்ணி முதல் வார்த்தையாக, "நான் யாரு?" என்பாள். "மாமியார்" என்பேன் சில நாள். திட்டுவாள்.

குரல் உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமானது. மாடியிலிருந்து கேட்டது தோட்டத்திலிருந்து கேட்டது. பிறகு தெருவிலிருந்து. ஒரு மத்தியானம் காத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், வரவில்லை. அன்றைக்கு வீடு முதல் தடவையாகக் காலியாகத் தெரிந்தது. காலில் எரிச்சல் வந்தது. எரிவது நல்லது, உயிர் வருகிறது என்றார் டாக்டர். இடது பாதத்தில் ஒரு பகுதி இன்றும் மரத்துத்தான் இருக்கிறது. அது வராது என்று சொல்லிவிட்டார்.

ஐப்பசியில் பேத்தி பிறந்தாள். நான் பார்க்கப் போனபோது சுவர் ஓரமாகத் தள்ளியே நின்றேன். மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "உக்காருங்க மாமா" என்றார். உட்கார்ந்தேன். என் மடியில் வைத்துவிட்டு, தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே போனார். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது. வேண்டுமென்றேதான் போனார் என்று எனக்குத் தெரியும்.

வேண்டுதலை முடிக்க மலைக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மகளும் குழந்தையும் வந்திருந்தார்கள். பால் வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் காலைப் பார்த்துச் சிரித்தார்.

"பரவாயில்லையே அண்ணா. இன்னைக்கு ரெண்டு செருப்பும் இருக்கு."

எனக்கு விளங்கவில்லை. அவர்தான் சொன்னார். ஆடிக்கு முன்னால் சில மத்தியானங்களில் நான் வருவேனாம். ஒற்றைச் செருப்போடு. யாரோடும் பேச மாட்டேனாம். ஒரு பாக்கெட் பால் வாங்குவேன். "யாருக்கு அண்ணா?" என்று கேட்டால், "மேலே கேட்கிறார்" என்று மட்டும் சொல்வேனாம்.

பாலை வாங்கிக்கொண்டு திரும்பினேன். டம்ளரில் ஒட்டியிருந்த பாலாடை ஞாபகம் வந்தது. பெரியவர் குடிக்கவில்லை. அவர் செத்து எத்தனையோ நாளாகிவிட்டது. அதைக் குடித்தவன் நான்.

மறுநாள் மலையில் சாமி முன்னால் நின்றபோது கேட்க ஒரு கேள்வி இருந்தது. என் வேண்டுதல் நின்றதா, உடைந்ததா என்று. கேட்கவில்லை. குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டேன். கீழே வந்து, கோயில் பக்கத்துக் கடையில் தயிர்சாதம் வாங்கினேன். ஒரு வாய் எடுத்து வைத்ததும் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தன் தயிர்சாதத்தையும் என் இலையில் வைத்தாள். பிறகு, "இனி எனக்காக எதையாவது விடறதா இருந்தா, பீடியை விடுங்க" என்றாள்.

விட்டுவிட்டேன்.

உடம்புக்கு வேண்டியதை நான் அஞ்சு வருடம் கொடுக்கவில்லை. அதற்குத் தன் குரலில் கேட்கத் தெரியவில்லை, செத்தவர் குரலை எடுத்துக்கொண்டு கேட்டது என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறேன், மாடியில் அதே நாற்காலிதான் இருக்கிறது. மத்தியானம் வெளிச்சம் மங்கும்போது, யாரும் கூப்பிடுவதற்கு முன்னாலேயே பால் ஊற்றி ஒரு டம்ளர் காப்பி கலந்து குடித்துவிடுகிறேன்.